மட்டைக்கு முன்னால் தலை

பள்ளி மைதானத்தில் ஒரு பிள்ளை போல்டாகித் திரும்பி வரும்போது, ஓரத்தில் நிற்கும் பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் மட்டையைப் பற்றித்தான். “பேட் கோணலா வருதுடா”, “காலுக்கும் பேட்டுக்கும் நடுவுல கேப் விட்டுட்டே.” அவர்கள் பார்த்தது சரிதான். ஆனால் மட்டை கோணலாக வந்தது விளைவு. காரணம் அதற்கு மேலே, தலையில் இருக்கிறது. இளம் ஆட்டக்காரரின் பேட்டிங்கைத் திருத்த நினைப்பவர் மேலிருந்து கீழே வர வேண்டும்: கண், தலை, கால், அதன் பிறகே கை.

முதலில் நேரத்தைக் கணக்குப் பார்ப்போம். ஒரு முனை ஸ்டம்பிலிருந்து மறுமுனை ஸ்டம்புக்கு 22 கஜம், அதாவது 20.12 மீட்டர். பந்து வீசுபவர் தன் கோட்டருகே வந்து பந்தை விடுகிறார். அடிப்பவரும் தன் கோட்டில் நிற்கிறார். இரு கோடுகளுக்கும் இடையே 17.68 மீட்டர்தான். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து இதைக் கடக்க ஏறத்தாழ அரை விநாடி எடுக்கும். அதற்குள் பந்து எங்கே குத்தும் என்று படித்து, முன்னே போவதா பின்னே போவதா என்று முடிவெடுத்து, காலை நகர்த்தி, மட்டையை இறக்கியாக வேண்டும்.

இந்த அரை விநாடியில் கண் என்ன செய்கிறது? பந்தைக் கடைசி வரை பார் என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறோம். மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியட் என்ற இரு ஆய்வாளர்கள் பேட்டர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து 2000-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. கண் பந்தின் கூடவே ஓடி வருவதில்லை. பந்து புறப்படும் கணத்தைப் பார்க்கிறது. பிறகு பந்தை முந்திக்கொண்டு, அது குத்தப்போகும் இடத்துக்குத் தாவிக் காத்திருக்கிறது. குத்தி எழுந்ததும் மறுபடி பிடித்துக்கொள்கிறது. தேர்ந்த ஆட்டக்காரரின் கண் இந்தத் தாவலைச் சற்று முன்னதாகவே செய்துவிடுகிறது. அப்படியென்றால் பிள்ளைக்குப் பழக்க வேண்டியது பந்து புறப்படும் கையைப் படிப்பதை. அதற்கு எளிய வழி உண்டு. பத்துப் பன்னிரண்டு பந்துகளை அடிக்கவே விடாமல், பந்து கையை விட்டதும் “முன்னே” அல்லது “பின்னே” என்று உரக்கச் சொல்ல மட்டும் வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி இருக்கும். கண்ணுக்கோ கடினமான பயிற்சி.

அடுத்தது தலை. பந்து வரும்போது தலை ஆஃப் பக்கம் சாய்ந்தால் உடம்பின் எடையும் அந்தப் பக்கமே விழும். முன்கால் குறுக்கே போய் ஊன்றிக்கொள்ளும். இப்போது நேராக வரும் பந்தை அடிக்க மட்டை காலைச் சுற்றிக்கொண்டு வந்தாக வேண்டும். ஓரத்தில் நின்றவர் கண்ட கோணல் மட்டை இதுதான். கையை எத்தனை முறை திருத்தினாலும் தலை சாயும்வரை அது திரும்பத் திரும்ப வரும்.

ஆனால் தலையை அசைக்காதே என்று சொன்னால் பிள்ளை கழுத்தை இறுக்கிக்கொள்கிறது. அதுவும் கெடுதல். உயர்மட்ட ஆட்டக்காரர்களை வைத்து 2013-இல் வெளியான ஆய்வொன்றில், பந்து போகும் திசையோடு அவர்களுடைய தலையும் சேர்ந்தே திரும்பியது தெரிந்தது. தலை திரும்பலாம், சாயக் கூடாது. இரண்டு கண்களும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும்.

தலை பந்தை நோக்கிப் போனால் கால் தானாகப் பின்தொடரும். கால் வேலை என்று தனியாக நாம் படும் பாட்டில் பாதி இதனால் குறையும்.

கையைப் பற்றி நான் அதிகம் வற்புறுத்தாததற்குக் காரணம் டான் பிராட்மன். ஆஸ்திரேலியாவின் பௌரல் என்ற சிற்றூரில், வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் செங்கல் அடித்தளத்தில் கோல்ஃப் பந்தை எறிந்து, எகிறி வருவதை ஒற்றை ஸ்டம்பால் அடித்துத் தனியாக விளையாடிய சிறுவன் அவர். வளைந்த செங்கல் பரப்பில் பட்ட பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் நின்று கையைத் திருத்த ஆளில்லை. அவர் மட்டையைப் பிடித்த விதமும், அதைப் பின்னால் ஸ்லிப் பக்கமாகத் தூக்கிய விதமும் பாடப்புத்தகத்துக்கு வெளியே இருந்தன. இருந்தும் அவருடைய டெஸ்ட் சராசரி 99.94. மட்டை எங்கிருந்து புறப்படுகிறது என்பதைவிட, பந்தைச் சந்திக்கும்போது எங்கே இருக்கிறது என்பதே பெரிது. பிள்ளையின் இயல்பான பிடியில் கை வைக்குமுன் பயிற்சியாளர் நூறு முறை யோசிக்கட்டும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பெரும்பாலோர் தெருவில் டென்னிஸ் பந்தில் வளர்கிறார்கள். இலகுவான அந்தப் பந்து குத்தி உயரமாக எழும். உடம்புக்கு வெகு முன்னால் எட்டிக் குறுக்கே வீசினாலும் பலன் கிடைக்கும். கிரிக்கெட் பந்தின் எடையோ 156 முதல் 163 கிராம். தையலில் குத்திக் கடைசி நேரத்தில் திரும்பவும் செய்யும். அதை முன்னால் போய்த் தேடினால் விளிம்பில்தான் படும். பந்து கண்ணுக்கு நேர் கீழே வரும்வரை காத்திருக்கப் பழக வேண்டும். சாக்ஸில் பந்தைக் கட்டித் தொங்கவிட்டு அடிப்பது மட்டை நேராக இறங்குவதற்கு உதவும்; ஆனால் அதில் பந்து புறப்படும் கை இல்லை. எதிரே ஒருவர் நின்று பந்தை எறிந்துதர, மெதுவான வேகத்தில் ஆடிப் பழகும் நேரமே அதிகமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, பந்தை அடிக்காமல் விட்டுவிடுவது. 2004 ஜனவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான சிட்னி டெஸ்டில் சச்சின் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 241 ரன் எடுத்தார், 436 பந்துகளில். அந்தத் தொடரில் தன்னை ஏமாற்றிவந்த கவர் டிரைவை அன்று ஒதுக்கியே வைத்திருந்தார். நெட்டில் ஒரு பிள்ளைக்கு முப்பது பந்து கிடைத்தால், முதல் ஆறில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வருவதையெல்லாம் கீப்பருக்கே விடச் சொல்லிப் பாருங்கள். தலை எங்கே இருக்கிறது என்பது அந்த ஆறு பந்துகளிலேயே தெரிந்துவிடும்.