இரைப்பைப் பட்டியும் தன்னடக்கமும்

உணவைக் குறைத்து உடலை இளைக்கச் செய்தவரை மனவுறுதி உடையவர் என்று புகழ்கின்றோம். அவர் இளைத்தமைக்குக் காரணம் இரைப்பையைச் சுற்றிப் பூட்டப்பட்ட ஒரு சிலிக்கன் வளையமே என்று அறிந்த மறுகணம் அப்புகழை மீளப் பெற்றுக்கொள்கின்றோம். "ஓ, ஒப்பறேசனே?" என்னும் ஒரு கேள்வியோடு அவருடைய பல ஆண்டு உழைப்பு முழுவதும் மதிப்பிழந்து போகின்றது. முதலிற் புகழ்ந்தது பிழையா, பின்னர் மீளப் பெற்றது பிழையா, அன்றி இரண்டுமே பிழையா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதொன்றன்று. நல்லூர்த் திருவிழாக் காலத்திற் புலம்பெயர் நாடுகளிலிருந்து ஊருக்கு வரும் உறவினருள், முன்னைய வருகையின்போது பருத்திருந்தவர் இம்முறை பாதியாகி வந்து நிற்பதை நம்மிற் பலர் கண்டிருப்போம். இரைப்பைப் பட்டி என்னும் இச்சிகிச்சை எமக்கு அறிமுகமானது பெரும்பாலும் அவர்கள் வழியாகவேயாகும்.

இரைப்பையின் மேற்பகுதியில், உணவுக்குழாய் வந்து சேருமிடத்துக்குச் சற்றுக் கீழே, இவ்வளையம் பொருத்தப்படும். அதற்கு மேலே ஒரு கோழிமுட்டையின் கொள்ளளவும் இல்லாத சிறு பை உண்டாகின்றது. வளையத்தின் உட்புறம் ஊதிப் பெருக்கத்தக்கது. அதிலிருந்து செல்லும் மெல்லிய குழாய், தோலின் கீழே பதிக்கப்பட்ட சிறு வாயிலோடு இணைந்திருக்கும். ஊசியால் உப்புநீரைச் செலுத்தினால் வளையம் இறுகும். வெளியே எடுத்தால் தளரும். கருவுற்ற பெண்களுக்கு அதனைத் தளர்த்திவிடுவதும் உண்டு. இறுக்கமும் தளர்ச்சியும் பின்னரும் மாற்றத்தக்கனவாய் அமைந்த இத்தகைய வளையங்கள் 1980களின் நடுப்பகுதியிற் சுவீடனிலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவாயின. வயிற்றைப் பெரிதாகத் திறவாமல், சிறு துளைகள் வழியாக அதனைப் பொருத்தும் முறையை 1993இற் பெல்ஜியத்தில் முதன்முதலாக மேற்கொண்டவர் மிற்றிக்கு பெலாச்சு என்னும் சத்திரசிகிச்சை நிபுணர். அவர் எதியோப்பியாவிற் பிறந்தவர். பஞ்சத்துக்கு உதாரணமாக உலகம் எடுத்துக்காட்டும் ஒரு நாட்டின் மைந்தர், உண்டு பருத்தோரின் துயர் தீர்க்க வழிகண்டமை எண்ணிப் பார்க்கத்தக்கது.

பட்டி பொருத்தப்பட்டவர் சிறுகச் சிறுக உண்ணவேண்டும். நன்றாக மென்று விழுங்கவேண்டும். உணவோடு நீர் அருந்துதல் கூடாது. கட்டியான சோறும் பாணும் நார்மிகுந்த இறைச்சியும் சிக்கிக்கொள்ளும். எங்கள் பனங்கிழங்கை அவர் பக்கம் காட்டவே முடியாது. இவ்வாறு ஓரிரு ஆண்டுகள் கழிய, வைத்தியர் குறித்துக் கொடுத்த எடையை ஒருநாள் தராசு காட்டுகின்றது. அதன் பின்னர் நிகழ்வது என்ன என்பதைப் பற்றியே பேசுவோர் குறைவு.

எடை குறைந்துகொண்டிருந்தபோது ஒவ்வொரு கிழமையும் ஒரு செய்தி இருந்தது. காண்போர் வியந்தனர், சட்டைகள் சிறுத்தன. இலக்கை எட்டியபின் செய்தி எதுவும் இல்லை. நேற்றைய எடையே இன்றைய எடை என்பதை வியப்பவர் எவருமிலர். ஆயினும் செய்யவேண்டிய வேலை அப்படியே இருக்கின்றது. சுவீடனில் 1987இற் தொடங்கிய நீண்டகால ஆய்வொன்றின் முடிவுகள் 2007இல் வெளியாயின. அதன்படி, பட்டி பொருத்தப்பட்டோர் முதலிரு ஆண்டுகளிற் சராசரியாகத் தம் எடையில் நூற்றுக்கு 20 பங்கை இழந்தனர். பத்தாண்டு முடிவில் அவ்விழப்பு நூற்றுக்கு 14 ஆகியிருந்தது. வளையம் இருந்த இடத்திலேயே இருந்தும் போன எடையில் ஒரு பகுதி திரும்பி வந்தது. வளையமே எல்லாவற்றையும் செய்துவிடுகின்றது என்போர் இவ்வெண்களுக்கு விடை கூறவேண்டும்.

தீராப் பசி தீர்ந்தபின் ஒருத்திக்கு என்ன நேர்ந்தது என்பதை எமது காப்பியம் ஒன்று கூறுகின்றது. மணிமேகலையில் வரும் காயசண்டிகை, விருச்சிக முனிவருக்கென வைத்திருந்த நாவற்கனியை மிதித்தமையால் யானைத்தீ என்னும் பெரும்பசியைச் சாபமாகப் பெற்றவள். எவ்வளவு உண்டும் அடங்காத அப்பசி, அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட உணவினால் அடங்கியது. அவ்வட்சயபாத்திரம் கிடைத்த மணிபல்லவத்தை எமது நயினாதீவோடு இணைத்துக் கூறும் மரபொன்று உண்டாதலால், இக்கதையில் எமக்கு ஓர் உரிமையும் இருக்கின்றது. சாத்தனார் அவளைப் பெருந்தீனிக்காரி என்று எங்கும் பழிக்கவில்லை. பசி தீர்ந்தபின் அடக்கமுடையாள் என்று புகழவுமில்லை. பசி வந்தது, பசி போயிற்று. குணநலன் பற்றிய பேச்சே அங்கு எழவில்லை. ஆயின் கதை அத்துடன் முடியவில்லை. தன்னூர் திரும்ப விழைந்து வான்வழியே சென்ற அவள், விலகிச் செல்லவேண்டிய விந்தமலைக்கு மேலாகவே பறந்தாள்; அம்மலையைக் காத்து நின்ற விந்தாகடிகை அவளை நிழல் பற்றி இழுத்துத் தன் வயிற்றில் இட்டுக்கொண்டாள். நோய் தீர்ந்தது என்னும் களிப்பில், விலகவேண்டிய இடத்தில் விலகும் கவனத்தை அவள் இழந்தாள் என்று நான் இதனைப் பொருள்கொள்கின்றேன். காப்பியம் அவ்வாறு வெளிப்படையாகச் சொல்லவில்லை என்பதும் உண்மையே.

இனி, பட்டியை இழித்துரைப்போரின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்வோம். நற்குணம் என்பது மீண்டும் மீண்டும் செய்து பழகுவதால் உண்டாவது என்றார் அரிஸ்ரோட்டில். அவர் மேலும் நுணுகிச் சென்று, ஆசையோடு போராடி அதனை வெல்பவனையும், தீய ஆசையே எழாதவாறு செம்மைப்பட்டவனையும் வேறுபடுத்தி, பின்னவனையே உயர்ந்தவனாகக் கொண்டார். பட்டி அணிந்தவர் இவ்விருவருள் எவரும் அல்லர் என்பது எதிர்வாதம். அவர் போராடவுமில்லை, செம்மைப்படவுமில்லை. அவருடைய வாயில் அடைக்கப்பட்டிருக்கின்றது, அவ்வளவே. கந்தசஷ்டியில் ஆறு நாளும் விரதமிருப்பவர் எக்கணமும் உண்ணக்கூடியவராய் இருந்தும் உண்ணாதிருக்கின்றார். ஆதலால் அது தவம். கைவிலங்கு பூண்டவன் களவெடாமை தவமாகுமோ என்று இவர்கள் வினவுவர்.

விலங்கு எத்தகையது என்பதைக் குடாநாட்டில் எவரும் எமக்குக் கற்பிக்கவேண்டியதில்லை. 1990 முதலாகப் பல ஆண்டுகள் நிலவிய பொருளாதாரத் தடைக் காலத்திற் சீனியின்றி, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்த கதைகளையும், எரிபொருளின்றி ஊரெல்லாம் சைக்கிளில் ஓடித்திரிந்த கதைகளையும் கேட்டே என் தலைமுறையினர் வளர்ந்தோம். அக்காலத்தில் எல்லோரும் மெலிந்திருந்தனர். அம்மெலிவை எவரும் தன்னடக்கம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. காரணம் வெளிப்படை. அத்தடையை நீக்கும் ஆற்றல் அதனுள் வாழ்ந்தோரிடம் இருக்கவில்லை. பட்டியோ அத்தகையதன்று. அதனை வேண்டுமென்று கேட்டுப் பெற்றவர் அவரே. அதன் இறுக்கத்தைக் குறைக்கச் சொல்லி வைத்தியரிடம் எந்நாளும் செல்லலாம். அதற்கும் மேலாக, அதனை ஏமாற்றுவது மிக எளிது. சோற்றைத் தடுக்கும் வளையம் ஐஸ்கிறீமைத் தடுப்பதில்லை. சீனி கரைத்த பாற்தேநீர் எவ்வளவும் அதன் வழியே வழுக்கி இறங்கிவிடும். பட்டி அணிந்தோருள் எடை மீளப் பெற்ற பலர் இவ்வழியாலேயே பெற்றனர். ஆகவே உண்ணக்கூடியவராய் இருந்தும் உண்ணாதிருக்கும் நிலை இவருக்கும் உண்டு; முற்றுகையைவிட விரதத்துக்கே பட்டி அணிமையானது.

தன் பலவீனத்தை முன்னறிந்து தன்னைத் தானே கட்டிக்கொண்டவனுக்கு மேனாட்டார் காட்டும் உதாரணம் உலிசிஸ். கடற்கன்னியரின் இசைக்கு மயங்காதிருக்கத் தன்னைப் பாய்மரத்தோடு பிணிக்கச் செய்த அவனை, 1979இல் வெளிவந்த நூலொன்றில் நோர்வே அறிஞர் ஜோன் எல்ஸ்ரர் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஒப்புமை அழகியதே, ஆயின் ஓரிடத்தில் முறிகின்றது. உலிசிஸின் கப்பல் அத்தீவைக் கடந்தது. கடந்தபின் கட்டு அவிழ்ந்தது. பட்டி அணிந்தவருக்குக் கடந்துபோகும் தீவு இல்லை. ஒவ்வொரு காலையும் அடுக்களையிலிருந்து புட்டு மணம் வருகின்றது, இசை ஓய்வதில்லை. இலக்கு எடை என்னும் சொல்லே ஒருவகையில் ஏமாற்றுச் சொல்தான்: இலக்கை அடைந்தவன் வில்லைக் கீழே வைக்கலாம் அல்லவா?

இவ்விடத்தில் வள்ளுவர் அதிகாரங்களை வகுத்த முறையை நோக்குதல் பயனுடைத்து. அடக்கமுடைமை அறத்துப்பாலில் உள்ளது. புலால் மறுத்தலும் அறத்துப்பாலிலேயே உள்ளது. ஆயின் அளவறிந்து உண்ணுதல் பற்றி அவர் விரித்துரைப்பது பொருட்பாலில், 95ஆம் அதிகாரமாகிய மருந்திலே. எதை உண்பது என்பது பிறிதோர் உயிரைத் தொடுவதாதலால் அறம். எவ்வளவு உண்பது என்பதோ உடலின் நலம் பற்றியது, மருத்துவம். இப்பாகுபாட்டை நாம் மறந்து, பருத்த உடலை ஒழுக்கக் குறைவின் விளம்பரமாகவும் மெலிந்த உடலை நற்சான்றிதழாகவும் வாசிக்கப் பழகிவிட்டோம். இயல்பிலேயே சிறுபசி வாய்த்தவர் தம் மெலிவுக்காகப் புகழ்பெறுவது, பார்வை குன்றாதவர் கண்ணாடி அணியாமைக்காகப் புகழ்பெறுவதை ஒக்கும்.

எடையில் அறம் இல்லையெனின் பட்டியோடு வாழ்பவரின் வாழ்விற் பின் எங்கே அறம் வருகின்றது? அவர் பிறரோடு அமரும் பந்தியில் வருகின்றது என்பது என் கருத்து. இலண்டனிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் விருந்தொன்றிற் கலந்துகொண்டதைக் கண்டிருக்கின்றேன். வாழையிலையில் அவர் எடுத்துக்கொண்டது மூன்று பிடி. "என்ன பிள்ளை, குருவி கொத்தின மாதிரிச் சாப்பிடுறாய்? நான் சமைச்சது பிடிக்கேல்லையோ?" என்றார் சமைத்த மூதாட்டி. "வயிறு நிறைஞ்சிட்டுது மாமி" என்றார் இவர். அது முழு உண்மை; ஆயினும் அங்கே எவரும் அதனை நம்பவில்லை. யாழ்ப்பாணத்தில் "வடிவாய்ச் சாப்பிடுங்கோ" என்பது அன்பின் மொழி. மறுத்தால் அன்பையே மறுத்ததாகும்; இணங்கினால் உண்டது திரும்பி மேலே வரும். எங்கள் விருந்தோம்பல், விருந்தினரின் வயிற்றைக் கேளாமல் தன் கைவளத்தையே காட்டி நிற்கும் குறையுடையது என்று அன்று எனக்குத் தோன்றியது.

பந்தி முடிந்தபின் நிகழ்ந்தது அதனினும் முக்கியமானது. நீரிழிவும் முழங்கால் நோவும் உள்ள, பருத்த உடலுடைய பெண்ணொருவர் தனியே வந்து, எவ்வாறு மெலிந்தீர்கள் என்று கேட்டார். "நடக்கிறன், சோத்தைக் குறைச்சிட்டன்" என்று இவர் கூறினார். இதிலும் பொய்யில்லை. தன் உடலினுள் இருப்பதைப் பிறருக்குச் சொல்லவேண்டிய கடமை எவருக்கும் இல்லை. வம்புக்குக் கேட்போருக்கு இந்த மறுமொழியே போதும். ஆனாற் கேட்டவர் வம்புக்குக் கேட்கவில்லை. தானும் நடந்து, தானும் சோற்றைக் குறைத்து, எடை குறையாமல், தன்னிடம் மனவுறுதி இல்லை என்று ஏற்கெனவே முடிவுகட்டியிருந்தவர் அவர். அந்த முடிவு அன்று அவருக்கு மேலும் உறுதியாயிற்று. பாதி உண்மையொன்று பிறர் தம்மேற் கொண்ட வெறுப்பை வளர்க்குமாயின், அதனை மறைவுரிமை என்று மட்டும் கூறி விட்டுவிட இயலாது. சொல்லியிருந்தால் ஊர் முழுவதும் பரவியிருக்குமே என்று கேட்கலாம். பரவியிருக்கும், அக்கூச்சத்தை ஏற்பது, மூன்று பிடியோடு நிறுத்துவதிலும் கடினமான தன்னடக்கம். அதற்கு எந்த வளையமும் உதவாது.

பட்டியின் காலமும் ஏறத்தாழக் கழிந்துவிட்டது. அமெரிக்காவில் 2011இல் எடைகுறைப்புச் சத்திரசிகிச்சைகளுள் மூன்றிலொரு பங்குக்கு மேற் பட்டியாக இருந்தது. 2019 அளவில் நூற்றுக்கு ஒன்றாகச் சுருங்கியது. இரைப்பையின் ஒரு பகுதியையே வெட்டி அகற்றும் முறை அதன் இடத்தைப் பிடித்தது. இப்போது பசியைத் தணிக்கும் ஊசிமருந்துகளும் வந்துள்ளன. அவற்றுள் ஒன்றை நிறுத்தியவர்கள், இழந்த எடையின் மூன்றிலிரண்டு பங்கை ஓராண்டுக்குள் மீளப் பெற்றதாக 2022இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. பட்டியும் பலருள் நிலைத்திருக்கவில்லை. வளையம் நழுவுதல், இரைப்பைச் சுவரை அரித்து உட்புகுதல், உணவுக்குழாய் விரிதல் முதலிய காரணங்களால் அது அகற்றப்பட்டோர் பலர். பெல்ஜியத்தில் 12 ஆண்டுகளுக்கு மேல் நோயாளரைப் பின்தொடர்ந்து 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது அகற்றப்பட்டிருந்தது.

இலக்கு எடையைப் பத்தாண்டு காத்த ஒருவருக்கு இவ்வாறு வளையம் அகற்றப்படுகின்றது என்று கொள்வோம். சில கிழமைகளில் பழைய பசி திரும்புகின்றது. சிறு கோப்பை, மெல்ல மெல்லும் வழக்கம், உணவோடு நீர் குடியாமை ஆகியவை கையோடு தங்கியிருக்கின்றன; ஆயினும் எடை ஏறுகின்றது. இப்போது ஊர் என்ன சொல்லும்? மனவுறுதி இழந்தார் என்று சொல்லும். அவ்வாறு சொல்வோர், காலை எட்டு மணிக்குச் சத்திரசிகிச்சைக் கூடத்துள் அடக்கமுடையவராய்ச் சென்ற ஒருவர், மயக்கம் தெளிந்து பத்து மணிக்கு அடக்கமற்றவராய் வெளியே வந்தார் என்றும் சொல்லவேண்டியவராவர். அந்த இரண்டு மணிநேரமும் அவர் நினைவிழந்து கட்டிலிற் கிடந்தார்.