வழி சொல்லுதலின் அறம்

வழி சொல்லுதல் ஓர் இலக்கியத் துறையாக வளர்ந்த மொழி தமிழ். பரிசில் பெற்று மீளும் கலைஞன் எதிர்ப்பட்ட இரவலனுக்குத் தான் வந்த வழியைக் கூறி, வள்ளலிடம் ஆற்றுப்படுத்தும் முறை பத்துப்பாட்டில் ஐந்து நூல்களுக்கு வடிவு தந்துள்ளது. அவற்றுள் மலைவழியை மிக விரிவாகக் கூறுவது பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம். 583 அடிகள் கொண்ட இந்நூலிலே நன்னனின் நாடு நோக்கிச் செல்லும் கூத்தர் எதிர்கொள்ளக்கூடிய இடர்கள் ஒவ்வொன்றாக உரைக்கப்படுகின்றன. பன்றிக்கு வைத்த பொறி, யானையை விரட்டக் கவணில் எறியுங் கல், வழுக்கும் பாறை ஆகியன சொல்லப்படுகின்றன. எந்தச் சிற்றூரில் எத்தகைய மக்கள் எவ்வுணவளித்து ஓம்புவர் என்பதும் சொல்லப்படுகின்றது. வழியோரத்து நடுகற்களை மதித்துச் செல்லுமாறும், வழிகள் பிரியுமிடத்தில் பின்வருவோர்க்கு அடையாளமாகப் புல்லை முடிந்துவைக்குமாறும் கூத்தர் பணிக்கப்படுகின்றனர். இவ்வழிகாட்டலில் நிலமும் மாந்தரும் இறந்தோரும் இனி வரவிருப்போரும் ஒருங்கே இடம்பெறுகின்றனர் என்பது கருதற்பாலது.

கண்டி மாநகரை நடுவாகக் கொண்டு மகாவலிப் பள்ளத்தாக்கிலும் அதனைச் சூழ்ந்த வனமலைகளிலும் துவிச்சக்கர வண்டியிற் பயணஞ் செய்வோர் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் வழிக்குறிப்புகளும் ஒருவகை ஆற்றுப்படைகளே. தெல்தெனிய, உன்னஸ்கிரிய ஊடாகப் பதினெட்டு வளைவுகளில் இறங்கி மகியங்கனையை அடையும் வீதி. விக்டோரியா அணைக்கட்டைக் கடந்து ரந்தெனிகல நோக்கி நீர்த்தேக்கங்களின் ஓரமாகச் செல்லும் வீதி. நக்கிள்ஸ் மலைத்தொடரின் கணவாயைக் கடந்து மீமுரே என்னும் சிற்றூருக்கு இறங்கும் கரடான பாதை. கலஹா, தெல்தோட்டை வழியாக லூல்கந்துரைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதை. இவை பற்றிய குறிப்புகள் தூரத்தையும் ஏற்றத்தின் கடுமையையும் கூறும். நீரும் தேநீரும் கிடைக்குமிடங்களையும், நாய்கள் துரத்தும் திருப்பங்களையுங்கூடக் கூறும். கூறவேண்டிய பிறிதெதையும் அவை விட்டுவிடுகின்றனவா என்பதே இங்கு எழும் வினா. அதனோடு பிணைந்த மற்றொரு வினாவும் உண்டு. பிறருடைய துன்பத்தின்மீது அமைந்த அழகைக் கண்டு மகிழ்வது குற்றமற்ற மகிழ்ச்சிதானா?

இரண்டாம் வினாவுக்கு மேலைத்தேய மெய்யியலிற் பெயர்பெற்ற விடையொன்று உளது. இம்மானுவேல் காண்ட் 1790இல் வெளியிட்ட தீர்ப்பாற்றல் பற்றிய நூலிலே ஓர் அரண்மனையை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றார். அது அழகியதா என்று கேட்கப்பட்ட ஒருவன், மக்களின் வியர்வையை இத்தகைய வீண்பொருள்களிற் செலவிடும் பெரியோரின் செருக்கை ரூசோவைப் போல் இடித்துரைக்கலாம். அக்கண்டனத்தைக் காண்ட் மறுத்தாரல்லர்; கேட்கப்பட்ட வினா அதுவன்று என்பதே அவர் கருத்து. அழகுபற்றிய தீர்ப்பு, பொருளின் இருப்பைப் பற்றிய விருப்பு வெறுப்புகளினின்றும் விடுபட்டது என்பது அவர் கோட்பாடு. கோட்பாட்டளவில் இது வலிமையுடையது. ஆயினும் அரண்மனையை எட்டநின்று பார்ப்பவனுக்குப் பொருந்துவது, வீதியின்மீது வண்டி செலுத்துபவனுக்கு அவ்வாறே பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. அவன் அவ்வீதியைப் பார்க்கிறவன் மட்டுமல்லன். அதனைப் பயன்கொள்கிறவனும் ஆவான்.

அவ்வீதிகள் எவ்வாறு தோன்றின? கண்டியரசின் காலத்தில் காடே அரணாக இருந்தது. 1660 முதல் 1679 வரை அவ்வரசிற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், ஒருவர்பின் ஒருவராகவே செல்லக்கூடிய ஒடுங்கிய பாதைகளையும் அவற்றை அடைத்த முள்வாயில்களையும் குறித்துள்ளார். (துவிச்சக்கர வண்டி அன்றிருந்திருப்பின் அரசன் அதனை மட்டும் அனுமதித்திருப்பானோ என்று எண்ணத் தோன்றுகிறது.) 1815இல் அரசு வீழ்ந்தது. 1817-18ஆம் ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், மலைநாட்டைப் பிடித்துவைக்கப் படை விரைந்து செல்லும் வீதி வேண்டுமென ஆங்கிலேயர் உணர்ந்தனர். தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் கொழும்பு - கண்டி வீதியை அமைத்தார். அதற்கான உழைப்பு இராசகாரியம் என்னும் பழைய ஊழியமுறையின்வழி மக்களிடமிருந்து பெறப்பட்டது. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையைத் தொடர்ந்து 1830களின் தொடக்கத்தில் அம்முறை ஒழிக்கப்பட்டபோது வீதி முடிந்திருந்தது. வீதியை வகுத்த கப்டன் டோசனுக்கு 1832இல் கடுகண்ணாவையில் கோபுரம் எழுப்பப்பட்டது. இன்று அக்கணவாயில் ஏறும் வண்டியோட்டி அக்கோபுரத்தடியில் இளைப்பாறுகிறான். கல்லுடைத்தவர்களுக்கு அங்கு நடுகல் இல்லை.

துவிச்சக்கர வண்டிக்காரன் மோட்டார் வாகனத்திற் செல்பவனைப்போல் நிலத்தைக் காட்சியாக நுகர்பவனல்லன். தன் உடலால் அதனை அறிபவன் என்று இங்கு ஒரு மறுப்புக் கூறப்படலாம். இது எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆற்றலும் நீதியும் பற்றி 1974இல் நூலெழுதிய இவான் இலிச், வேகம் ஓரளவுக்கு மேற்படும்போது சமூகத்தில் ஏற்றத்தாழ்வு பெருகுகின்றது என்றும், நடப்பவனைவிட மூன்று நான்கு மடங்கு விரைவாக, அவனினும் குறைந்த ஆற்றலைச் செலவிட்டுச் செல்ல உதவும் துவிச்சக்கர வண்டி மனித அளவுக்கு இயைந்த பொறி என்றும் வாதிட்டார். அக்கணக்கு சமதரைக்கு உரியது போலும்! மகியங்கனையிலிருந்து கண்டிக்குத் திரும்புபவன் பதினெட்டு வளைவுகளில் நடப்பவனின் வேகத்தையே அடைகிறான். ஆனால் அதுவே அவன் பெறும் பேறாகும். இறங்கும்போது மகாவலிச் சமவெளி விரித்த பாய்போல் ஒரு காட்சியாகத் தோன்றும். ஏறும்போதோ முன்சில்லின் எதிரே உள்ள பத்தடி நிலமே உலகமாகிவிடும். வளைவின் உட்புறம் ஏன் செங்குத்தாயிருக்கின்றது, அணைச்சுவரின் கற்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதை அப்போதுதான் கண் காணும். மலையைச் செதுக்கிய கையின் உழைப்பை அவன் தொடையின் நோவு ஓரளவு மொழிபெயர்த்துத் தருகின்றது.

ஓரளவு மட்டுமே என்பதை வற்புறுத்த வேண்டும். தானே விரும்பி ஏற்ற களைப்பும், மறுக்கவியலாது சுமத்தப்பட்ட களைப்பும் உடற்கூற்றில் ஒன்றாயினும் வாழ்வில் வேறு வேறானவை. முன்னதை எந்நேரமும் நிறுத்தலாம். வண்டியை மதகோரம் சாய்த்துவிட்டுப் பேருந்துக்குக் காத்திருக்கலாம். கூடையோடு சரிவில் நிற்கும் பெண்ணுக்கு அத்தெரிவு இல்லை. தான் பட்ட வருத்தத்தால் அவள் வருத்தத்தை அறிந்துவிட்டதாக எண்ணும் பயணி, ஒன்றும் அறியாத பயணியைவிட மெய்ம்மையினின்று தொலைவிற் செல்பவனாதல் கூடும். அறியாதவன் கேட்டறிவான், அறிந்துவிட்டதாக எண்ணுபவன் கேளான்.

காடும் அத்துணை எளிய பொருளன்று. லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். கோப்பியைத் தாக்கிய இலைநோய் 1869இல் தோன்றிய பின்னர் அப்பயிர் மலைநாடெங்கும் பரவியது. பசுமை என்று பயணி வியக்கும் அச்சரிவுகள் காடு அழிந்த இடங்கள். கண்டியை அடுத்த அந்தானை மலையில் நிழல்தரும் பைன் மரங்களோ இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடப்பட்டவை. நக்கிள்ஸ் மலைக்காடு உண்மையில் தொன்மையானது. 2000ஆம் ஆண்டில் பாதுகாப்பு வனமாக்கப்பட்டு, 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய பகுதிகளோடு உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது. ஆனால் அக்காட்டின் நிழலில் ஏலம் பயிரிட்டு வாழ்ந்தோரும் இருந்தனர். காப்பு வந்தபோது அவர்தம் பிழைப்புக்கு வரம்பு வந்தது. காத்தது தவறென்று இதனாற் கொள்ளலாகாது. அம்மலை மகாவலியின் கிளையாறுகள் பலவற்றுக்குத் தாய்நிலம். எனினும் அங்கு வண்டியை நிறுத்திக் கேட்கும் அமைதியில் ஒருபகுதி, மனிதர் விலக்கப்பட்டதாற் பிறந்தது என்பதும் மெய்யே.

விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் இவ்வினா மேலுங் கூர்மையடைகின்றது. 1985இல் திறக்கப்பட்ட, 122 மீற்றர் உயரமான அவ்வணையின் பின்னே பழைய தெல்தெனிய நகரும் வயல்களும் நீருள் மூழ்கின. இடம்பெயர்ந்தோரிற் பலர் உலர்வலயக் குடியேற்றங்களுக்குச் சென்றனர். கடும் வறட்சியில் நீர் தாழும்போது பழைய கட்டடங்களின் எச்சங்கள் தலைகாட்டுவதுண்டு. இங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தின் நன்மையை மறுப்பது நேர்மையன்று. அவ்வொளியிற் படித்தோர் பலர். ஆயினும் நீர்ப்பரப்பின் அழகை மட்டும் கூறி அடுத்த திருப்பத்துக்கு வழிசொல்லும் குறிப்பு, கண்ணெதிரே கிடக்கும் ஊரொன்றை இரண்டாம் முறை மூழ்கடிக்கின்றது.

இவ்வளவும் அறிந்தவன் எவ்வாறு மகிழ்வது என்று வினவுவோர் உளர். குற்றவுணர்வைச் சுமந்துகொண்டு ஏறுவதால் மலைக்கோ மக்களுக்கோ பயனில்லை. தோட்டத்து லயங்களில் வாழ்வோரும் தம்மைத் துயரத்தின் காட்சிப்பொருளாக ஒருவன் நோக்குவதை விரும்பார்; அவர்கள் வாழ்விலும் திருவிழாவும் நகையும் உண்டு. ஆகவே கடமை, பயணியின் மகிழ்ச்சியைக் குறைப்பதில் இல்லை. அது வழிசொல்பவனின் சொல்லில் உளது. பயணி தனக்காகச் செல்கிறான். வழிசொல்பவனோ பிறர் எதனைக் காண்பர், எதனைக் காணாது கடப்பர் என்பதைத் தீர்மானிக்கிறான். ஆற்றுப்படைப் புலவன் இதனை உணர்ந்தமையாலன்றோ, உணவிடத்தைச் சொன்ன நாவாலேயே நடுகல்லையும் சொன்னான்.

கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை ஊடாக வடக்கே செல்லும் வீதி இதற்கு ஏற்ற சான்று. கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர் காட்டூடாக நடந்து மலைநாட்டை அடைந்த வழி அத்திசையிலேயே கிடந்தது. காய்ச்சலாலும் பசியாலும் பலர் இடைவழியில் மடிந்தனர். அவர்தம் வழிவந்தோரிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964இல் ஏற்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அவ்வாறு சென்றோர் தலைமன்னார் நோக்கி அதே வடதிசையில், இம்முறை புகையிரதத்திற் பயணஞ்செய்தனர். நாடற்றோராய் எஞ்சியவர்களுக்கு வழிதிறந்த சட்டம் 2003இலேயே நிறைவேறியது. இன்று அவ்வீதியில் தம்புள்ளைக் குகைக் கோயிலுக்கும் சிகிரியாவுக்கும் செல்லும் வண்டியோட்டிக்குச் சமதரையான, இனிய பாதையென்று அது அறிமுகஞ் செய்யப்படுகின்றது. புல் முடிந்து வைப்பார் அங்கு இல்லை.

லூல்கந்துரையில் டெயிலர் அமர்ந்து சரிவுகளைப் பார்த்ததாகக் கூறப்படும் கல்லிருக்கை பேணப்பட்டு வருகின்றது. வழிக்குறிப்புகளும் அதனைத் தவறாது சுட்டுகின்றன. அத்தோட்டங்களுக்குத் துரைமார் இட்ட பெயர்களே வரைபடங்களில் உள்ளன. தொழிலாளர் தம் நாவுக்கும் நினைவுக்கும் இசைய அவற்றுக்குத் தமிழ்ப்பெயர்களை வைத்து வழங்கினர். திருப்பத்தில் நின்று முதியவர் ஒருவரை வழிகேட்கும் பயணிக்கு அவர் அப்பெயரையே சொல்லக்கூடும். பயணியின் கையிலுள்ள தாளில் அது இராது. அதனைக் கேட்டெழுதிச் சேர்ப்பதற்குத் தாளில் ஒரு வரி இடம் போதும்.