தரகுக் கூலியைப் பேசி முடிப்பது எப்படி?



குடும்பத்துப் பெரியவர் ஒருவர் வஃபாத்தாகிறார். வீடு ஒன்று, கடைகள் இரண்டு, தென்னந்தோப்பு ஒன்று, ஆக நான்கு சொத்துகள். மக்களில் ஒருவர் சவூதியில், மூத்த காக்கா சென்னையில், சகோதரி மாப்பிள்ளை ஊரில். விற்றுப் பணமாகப் பிரித்துக்கொள்வோம் என்று முடிவாகிறது. தரகர் வந்துவிடுகிறார். "நான்கையும் என்னிடமே விட்டுவிடுங்கள். மற்றவர்களிடம் நூற்றுக்கு இரண்டு வாங்குகிறேன், உங்களுக்கு ஒன்றரை போதும்" என்கிறார். காக்கா தலையாட்டுகிறார். எழுத்தில்லை, சாட்சியில்லை. ஆறு மாதங்களில் விவகாரம் ஜமாஅத் அலுவலகத்தின் வாசலில் வந்து நிற்கிறது. நாம் மஹல்லாக்கள் தோறும் காண்கின்ற காட்சி இது.

தரகு ஓர் இழிவான தொழில் என்றும், அதற்குக் கூலி கொடுப்பதே வீண் என்றும் நம்மில் சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. மதீனாவின் வியாபாரிகள் முன்பு 'ஸமாஸிரா', அதாவது தரகர்கள் என்றே அழைக்கப்பட்டனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களுக்குத் 'துஜ்ஜார்' என்ற அழகிய பெயரைச் சூட்டி, வியாபாரத்தில் வீண்பேச்சும் சத்தியமும் கலந்துவிடுமாதலால் அதனுடன் தருமத்தைக் கலந்துகொள்ளுமாறு பணித்ததைக் கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹில் தரகர் கூலிக்கென்றே தனிப் பாடம் அமைத்து, இப்னு ஸீரீன், அதாஉ, இப்ராஹீம், ஹஸன் ஆகிய பெரியார்கள் அதில் குற்றம் காணவில்லை எனக் குறித்திருக்கிறார்கள். ஆகவே கூலி ஹலால். அதைக் குறைத்துப் பேசுவதும் ஹலால். ஆனால் பேச வேண்டிய நேரம் வேலைக்கு முன்பு. வேலை முடிந்த பிறகு பேரம் பேசினால் அதற்குப் பெயர் பேரமன்று, அநியாயம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். வீடு 40 லட்சம், கடை ஒவ்வொன்றும் 15 லட்சம், தோப்பு 30 லட்சம் என வைத்துக்கொள்வோம். மொத்தம் 1 கோடி. நூற்றுக்கு இரண்டென்றால் 2 லட்சம், ஒன்றரையென்றால் 1,50,000. மிச்சம் 50,000 ரூபாய். நல்லதுதான். ஆனால் கடைகள் இரண்டும் உடனே விற்றுப்போய், வீடும் தோப்பும் அப்படியே கிடந்தால்? தரகர், "நான்கும் முடிந்தால்தானே ஒன்றரை? இரண்டுதான் முடிந்தது, 60,000 கொடுங்கள்" என்கிறார். காக்கா, "பேசியது ஒன்றரை, 45,000தான்" என்கிறார். இருவருமே பொய் சொல்லவில்லை. பேச்சே அரைகுறையாக இருந்தது. பதினைந்தாயிரத்திற்காகப் பள்ளிவாசல் ஸஃப்பில் தோளோடு தோள் நிற்பவர்கள் முகம் பார்ப்பதில்லை!

நமது ஷாஃபிஈ மத்ஹபில் இத்தகைய உடன்பாடு 'ஜுஆலா' என்னும் பாடத்தில் வருகிறது. வேலை முடிந்தால்தான் கூலி. ஆயினும் கூலி இவ்வளவென்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரியாத கூலியானால் உடன்பாடு பழுதாகி, அவ்வேலைக்கு வழக்கமாக உள்ள கூலியே கடமையாகும். விலை என்னவாகும் என்று தெரியாத நிலையில் 'நூற்றுக்கு இவ்வளவு' என்பதில் இந்தச் சிக்கல் இருக்கிறது. மக்களின் தேவையையும் வழக்கத்தையும் கருதி, பிற்கால ஹனஃபி உலமாக்கள் இதில் தளர்வு காட்டியிருக்கிறார்கள். ஷாஃபிஈகள் தொகையாகவே பேசிவிடுவது பேணுதல்.

அதையும் சொத்து வாரியாகப் பேசுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வீதம் என்றால், தரகர் எளிதில் போகும் கடைகளை விற்றுவிட்டுத் தோப்பின் பக்கம் திரும்பிப் பாரார். அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை, வயிற்றுப் பிழைப்பு. கடைக்கு 15,000 வீதம் 30,000, வீட்டுக்கு 55,000, தோப்புக்கு 65,000 என்று வைத்தால் மொத்தம் அதே 1,50,000. ஆனால் கடினமான வேலைக்கு அதிகக் கூலி என்பதால் அவர் கால் தோப்பை நோக்கியும் நடக்கும். ஒருவரே நான்கையும் வாங்கினால் எவ்வளவு, நாமே ஆள் பிடித்தால் உண்டா இல்லையா, எத்தனை மாதத் தவணை என்பவற்றையும் எழுதிக் கையொப்பமிடுங்கள்.

தேநீர்க் கடையில், "அந்த வீடு விலைக்கு வருகிறதாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பத்திரம் பதியும் நாளில் கூலிக்கு வந்து நிற்பவரும் உண்டு. களைப்புத் தராத ஒரு வார்த்தைக்காகக் கூலிக்கு அமர்த்துவது, அந்த வார்த்தையால் சரக்கு விற்றாலும், செல்லாது என்பதை இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் காணலாம்.

இதைக் கேட்டு, அலைந்து திரிந்த தரகரையும் தட்டிக் கழித்துவிடாதீர்கள்! வெயிலில் இருபது தடவை ஆளைக் கூட்டி வந்தவர் அவர். இடம் பிடித்துப்போன பிறகு விற்பவரும் வாங்குபவரும் இரவோடிரவாகப் பேசி, "தரகர் வேண்டாம், அந்தத் தொகையை நாம் பகிர்ந்துகொள்வோம்" என்கிறார்களே, இது திருட்டுக்கு எவ்வகையில் குறைந்தது? வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வாதாடுவதாக அல்லாஹ் எச்சரித்திருப்பது புகாரியில் பதிவாகியிருக்கிறது. தரகரை நிறுத்திவிட உரிமையாளருக்கு அனுமதி உண்டு. ஆனால் அவர் வேலையைத் தொடங்கிய பின் நிறுத்தினால், செய்த வேலைக்குரிய கூலியைக் கொடுத்தே நிறுத்த வேண்டும்.

தரகர்களுக்கும் ஒரு வார்த்தை. உரிமையாளர் 40 லட்சம் போதும் என்றார் என்பதற்காக 43க்கு விற்று, மூன்றை மறைத்துக்கொள்வது அமானத்தில் மோசடி. விலை முழுவதும் சொத்துக்காரருடையது. குறித்த விலைக்கு மேல் கிடைப்பதைத் தரகர் எடுத்துக்கொள்ளலாம் என இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியது, உரிமையாளரே அறிந்து அவ்வாறு சொன்ன நிலைக்கு மட்டுமே. நமது மத்ஹபிலோ கூலி தெரியாததால் அதுவும் செல்லாது. வாங்கும் எண்ணமில்லாத ஆளை அழைத்து வந்து விலையை ஏற்றுவது நபி (ஸல்) அவர்கள் தடுத்த 'நஜ்ஷ்' ஆகும். இரு தரப்பிலும் கூலி வாங்குவதானால் இருவரும் அறிய வாங்குங்கள்.

இவற்றைவிட மோசமானது, குடும்பத்துக்குள்ளேயே நடப்பது. மூத்தவர் தரகரிடம் 1,50,000 என்று பேசி, உடன்பிறந்தாரிடம் 2 லட்சம் என்று சொல்லி, இடைப்பட்டதை எடுத்துக்கொள்கிறார். அலைந்ததற்குக் கூலி வேண்டுமானால் வெளிப்படையாகக் கேட்கட்டுமே! வாரிசுகளில் பருவமடையாத பிள்ளை இருந்தால் இன்னும் அஞ்ச வேண்டும். அது அநாதையின் பொருள். தாயோ அண்ணனோ நீதிமன்ற அனுமதியின்றி அப்பிள்ளையின் அசையாச் சொத்தை விற்றால் செல்லாது என 1918ஆம் ஆண்டிலேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்திருக்கிறது.

கூலியைப் பதிவு முடிந்த அன்றே கொடுத்து ரசீது வாங்குங்கள். விற்பனை லாபத்துக்கு வருமான வரி கணக்கிடும்போது அதைக் கழித்துக்கொள்ளவும் அந்த ரசீது உதவும். அந்தச் செலவையும் பங்கின்படியே பிரிக்க வேண்டும். தாயாரும் முன்பே காலமாகி, இரண்டு ஆண்மக்களும் ஒரு பெண்ணும் மட்டும் வாரிசுகள் என்றால், பலர் 1,50,000ஐ மூன்றாக்கி ஆளுக்கு 50,000 என்று கழித்துவிடுகிறார்கள். வரவில் ஒரு பங்கும் செலவில் சம பங்குமா? மொத்தம் ஐந்து பங்கு. சகோதரர்கள் ஆளுக்கு 60,000 கொடுக்க வேண்டும். சகோதரியிடம் கழிக்க வேண்டியது 30,000 மட்டுமே.