கேள், அது உன் பணம்!

ராத்திரி பகலாக லேத் ஓட்டியவன் நீ. சொன்ன தேதியில் சரக்கை இறக்கி, டெலிவரி சலானில் கையெழுத்து வாங்கியவனும் நீ. பாக்கியைக் கேட்கும்போது மட்டும் உன் குரல் ஏன் கம்முகிறது? பெரிய கம்பெனியைப் பகைத்தால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயமா? கோர்ட்டுக்குப் போனால் வாய்தாவிலேயே வயசு போய்விடும் என்ற மலைப்பா?

நிமிர்ந்து உட்கார்! வழக்குப் போடாமலே வசூலிக்க வழி இருக்கிறது.

குறு, சிறு தொழில் செய்பவனுக்காகவே 2006-இல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தத்தில் எத்தனை நாள் தவணை எழுதியிருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்டவர் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி. அதுவும் மாதாமாதம் ஏறும் கூட்டு வட்டி!

தர மறுக்கிறாரா? இதே சட்டத்தின் கீழ் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்கு மனுப் போடு. முதலில் இருவரையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். ஒத்துவராவிட்டால் நடுவர் விசாரணை, அப்புறம் உத்தரவு. அதை எதிர்த்து அவர் கோர்ட்டுக்குப் போனாலும், தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் வாய் திறக்க முடியும். இந்தப் பலம் உன் கையில் இருக்கும்போது கெஞ்சல் எதற்கு?

பேசித் தீர்ப்பது கோழைத்தனம் என்று எவன் சொன்னான்? நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் நாட்டிலேயே முதன்முதலில் தொடங்கியது 2005-இல், நம் சென்னை உயர் நீதிமன்றத்தில். பணமும் வரவேண்டும், உறவும் முறியக்கூடாது என்று நினைப்பவனுக்குச் சமரசமே கெட்டிக்காரத்தனம்.

ஆனால் வெறும் வீராப்பு வசூல் செய்யாது, காகிதம்தான் பேசும். பர்சேஸ் ஆர்டர், சலான், பில் மூன்றையும் ஒரே ஃபைலில் வை. "அடுத்த வாரம் போட்டுவிடுகிறேன்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதே. கடனை அவரே ஒப்புக்கொண்ட சாட்சி அது. குறு, சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இல்லையா? அடுத்த ஆர்டரைத் தொடும் முன் செய்துவிடு. அதற்குக் கட்டணம் கிடையாது.

தயங்கித் தயங்கி நீ விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் உன் தொழிலாளியின் சம்பளம், உன் பிள்ளையின் ஃபீஸ். இன்றே பில்லை எடு. எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணு. வட்டியைச் சேர்த்துக் கடிதம் எழுது. தலைகுனிய வேண்டியவன் வாங்கிவிட்டுத் தராதவன், நீ அல்ல!