நோன்பில் முடிந்தது, இப்போது முடியாதா?



"சிகரெட்டை விட முடியவில்லை ஹஜ்ரத்" என்கிறீர்கள். ரமளானில் ஸஹர் முடிந்து மஃரிப் பாங்கு வரை ஏறத்தாழ 13 மணி நேரம் அதைத் தொடாமல் இருந்தவர் நீங்கள்தானே? தனியாக இருந்தபோதும் தொடவில்லை. அல்லாஹ் பார்க்கிறான் என்ற அச்சம் தடுத்தது. ஆக, உங்களிடம் உறுதி இருக்கிறது. நோன்புக்கு நிய்யத் வைத்தீர்கள். சிகரெட்டை விடுவதற்கு வைக்கவில்லை. அவ்வளவுதான்.

இன்றே நிய்யத் வையுங்கள். அடுத்த ஜும்ஆவுக்குள் ஒரு நாளைக் குறித்து, வீட்டாரிடம் சொல்லுங்கள். அன்று சட்டைப்பையில் பாக்கெட் இருக்கக் கூடாது. முதல் சில நாட்கள்தான் மிகக் கடினம். ஆசை எழுந்தால் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதுவரை உளூச் செய்யுங்கள், மிஸ்வாக் செய்யுங்கள், திக்ரில் இருங்கள். உதவி தேவைப்பட்டால் அரசின் இலவச எண் 1800 11 2356 இருக்கிறது, கேட்பதில் வெட்கமில்லை. இடையில் தவறிவிட்டால் நிராசை வேண்டாம். தவ்பா செய்து, மீண்டும் நிய்யத் வையுங்கள்.

ஓராண்டு விட்டிருந்தால், புகைப்பவரோடு ஒப்பிடுகையில் இதயநோய் ஆபத்து ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்கிறது மருத்துவம். இந்த உடல் நமக்குச் சொந்தமல்ல. அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணும் தவ்ஃபீக்கை அவன் நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன்.