வாய்க்காலை வெட்டுங்கள்
(தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 3:9–20)



ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜெபத்துக்காக முன்னால் வருகிறவர்களில் பாதிப்பேர் வேலைக்காகத்தான் வருகிறார்கள். “ஐயா, நாளைக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்ல இண்டர்வியூ.” “தேர்வாய் கண்டிகையில கூப்பிட்டிருக்காங்க.” “ஸ்ரீசிட்டியில பொண்ணை வரச்சொல்லியிருக்காங்கய்யா, கைவச்சு ஜெபம் பண்ணுங்க.” சந்தோஷமாய் ஜெபிக்கிறேன். சில தாய்மார் ஒரிஜினல் சர்டிபிகேட்டின்மேலேயே எண்ணெய் பூசிக்கொண்டு வருகிறார்கள். அம்மா, தயவுசெய்து ஜெராக்ஸில் பூசுங்கள்! கர்த்தர் அதையும் அங்கீகரிப்பார்.

ஆனால் ஜெபம் முடிந்ததும், “தம்பி, என்ன படிச்சுட்டுப் போறே?” என்று கேட்டால், “கர்த்தர் பார்த்துக்குவார் ஐயா” என்கிறார்கள். இது விசுவாசமா, சோம்பலா?

மூன்று ராஜாக்கள் படையோடு ஏழுநாள் வனாந்தரத்தில் நடந்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை. இஸ்ரவேலின் ராஜா புலம்ப ஆரம்பித்துவிட்டான். யோசபாத்தோ, கர்த்தருடைய தீர்க்கதரிசி யாராவது உண்டா என்று கேட்டான். ராஜாக்கள் எலிசாவினிடத்திற்குப் போனார்கள். தண்ணீர் வரும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. முதலாவது பள்ளத்தாக்கு முழுவதும் வாய்க்கால்களை வெட்டச் சொன்னார். காற்றையும் காணமாட்டீர்கள், மழையையும் காணமாட்டீர்கள் என்றும் சொல்லிவிட்டார். தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்ட மனுஷன் காய்ந்த தரையை வெட்டவேண்டும்! யோசித்துப் பாருங்கள். மறுநாள் காலையில் போஜனபலி செலுத்தும் நேரத்தில் தண்ணீர் ஏதோம் வழியாய் வந்தது. அவர்கள் இருந்த இடத்தில் ஒரு துளி பெய்யவில்லை.

ஊத்துக்கோட்டைக்காரருக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. 1983-ல் தமிழ்நாடும் ஆந்திராவும் கிருஷ்ணா தண்ணீருக்கு ஒப்பந்தம் செய்தன. கண்டலேறு அணையிலிருந்து நம்முடைய ஜீரோ பாயிண்ட் மட்டும் ஏறக்குறைய 152 கிலோமீட்டர், அங்கிருந்து பூண்டி ஏரி மட்டும் இன்னும் 25 கிலோமீட்டர் கால்வாய். தண்ணீர் வந்து சேர்ந்ததோ 1996-ல். பதின்மூன்று வருஷம்! வெட்டின நாட்களில் அது வெறும் பள்ளம். வேறே எங்கேயோ பெய்த மழை, வெட்டிவைத்த வழியாக நம்மூருக்கு வந்தது. ஆரம்ப வருஷங்களில் கரை பலமில்லாத இடங்களில் சரிந்தும் கசிந்தும் தண்ணீர் வீணாய்ப் போனதையும், கரையைப் பலப்படுத்தின பிறகு வரத்து கூடினதையும் நாம் அறிவோம்.

கரை என்றதும் ஒரு காரியம் ஞாபகம் வருகிறது. நம்முடைய வாலிபத் தம்பி ஒருவர், ஐ.டி.ஐ. பிட்டர் முடித்தவர், ஒருநாள் இரவு ஒரு கவரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து ஜெபிக்கச் சொன்னார். உள்ளே இரண்டு வருஷ அனுபவச் சான்றிதழ். அவர் வேலையே செய்யாத ஒரு இடத்தின் பெயரில்! ஏஜெண்டு ஒருவன் காசு வாங்கிக்கொண்டு அடித்துக் கொடுத்தது. “எல்லாரும் இப்படித்தான் ஐயா போறாங்க. கேப் இருந்தா எடுக்கமாட்டாங்க” என்றார். வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியும். தங்கச்சி கல்யாணம், அடகில் நகை. ஆனாலும் என் கை அந்தக் கவரின்மேல் போகவில்லை. “தம்பி, பொய்மேல கைவச்சு ‘இயேசுவின் நாமத்திலே’ன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?” என்றேன். இருவருமே கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, “அந்த ரெண்டு வருஷம் என்ன செஞ்சே?” என்று கேட்டேன். “அப்பாகூட செங்கல் சூளையில இருந்தேன்.” “அதையே சொல்லு.”

யோசேப்பைப் பாருங்கள். பார்வோனுக்கு முன்பாகப் போகும்போது அவனிடத்தில் இருந்தது அடிமை வேலையும் சிறைச்சாலையும்தான். பானபாத்திரக்காரன் அதை ராஜாவுக்கு முன்பாகவே சொல்லிவிட்டான். யோசேப்பு மறைக்கவில்லை. ஆனால் சவரம் பண்ணிக்கொண்டு, வேறு வஸ்திரம் தரித்துக்கொண்டு போனான் என்று ஆதியாகமம் 41-ல் வாசிக்கிறோம். நெகேமியாவோ கிஸ்லேவு மாதம் தொடங்கி நிசான் மாதம் மட்டும், ஏறக்குறைய நாலுமாதம், ஜெபித்தான். ராஜா “உனக்கு என்ன வேண்டும்” என்ற பொருளில் கேட்டபோது, ஒரு நொடி தேவனை நோக்கி ஜெபித்துவிட்டு, எத்தனை நாள் வேண்டும், எந்த அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், கதவுகளுக்கும் அலங்கத்துக்கும் மரம் யாரிடத்தில் வாங்கவேண்டும் என்று வரிசையாய்ச் சொன்னான். அந்த நாலுமாதமும் அவன் கண்ணைமூடி மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை, கணக்கும் போட்டிருக்கிறான் என்றே நான் நினைக்கிறேன்.

அந்தத் தம்பி கவரை என் மேஜையிலேயே வைத்துவிட்டு இண்டர்வியூவுக்குப் போனார். சூளையில் இருந்ததை ஒளிக்காமல் சொன்னாராம். அதற்கு அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், “வெர்னியர் காலிப்பரின் லீஸ்ட் கவுண்ட் என்ன?” என்று கேட்டபோது வாயடைத்து நின்றுவிட்டார். வேலை கிடைக்கவில்லை. திரும்பிவந்து, “ஐயா, பொய் சொல்லல. ஆனா படிக்கவும் இல்ல” என்று அழுதார்.

பிரியமானவர்களே, அந்தக் கேள்விக்குப் பதில் 0.02 மில்லிமீட்டர். 49 மில்லிமீட்டரை வெர்னியரில் 50 பாகமாய்ப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பாகம் 0.98. ஒன்றில் அதைக் கழித்தால் வருவதுதான் லீஸ்ட் கவுண்ட். இதை நானே அந்தத் தம்பியிடத்தில்தான் பிறகு கற்றுக்கொண்டேன். தெரியாத கேள்வி வந்தால், “தெரியாதுங்க சார், கத்துக்கறேன்” என்று சொல்லுகிறதில் அவமானம் ஒன்றுமில்லை. தெரிந்திருக்கவேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல் போகிறதுதான் துக்கம்.

தம்பிக்கு மறுபடியும் ஒரு அழைப்பு வந்திருக்கிறது, பாரத்தோடு ஜெபித்துக்கொள்ளுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் வாலிபர்கள் யாரும் போய்விடவேண்டாம். சிப்காட்டில் பிட்டராய் இருந்து ஓய்வுபெற்ற நம் சபை மூப்பர் ஐயா, காலிப்பரும் மைக்ரோமீட்டரும் கொண்டுவருகிறார். நோட்டும் பேனாவும் எடுத்து வாருங்கள். சகோதரிகளும் வரலாம்.