முகங்கள் ஓர் அமானிதம்



நம் பிள்ளைகளில் பலர் ஆசைக்காகக் கேமரா வாங்குகிறார்கள். பெருநாளன்று உறவினர்களை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். படம் நன்றாக வந்ததும், "எங்கள் குடும்பத்தையும் எடுத்துத் தாருங்கள், பணம் தருகிறோம்" என்று அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள். பொழுதுபோக்கு தொழிலாக மாறும் அந்த இடத்தில் ஒரு முஃமின் கவனிக்க வேண்டியவை என்ன?

முதல் கேள்வி, இது கூடுமா என்பது. படம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தன் பிழைப்பைப் பற்றிக் கேட்ட செய்தி புகாரியில் இருக்கிறது. உருவம் வரைவோருக்கான எச்சரிக்கையைச் சொன்ன அவர்கள், வரைந்துதான் ஆக வேண்டுமென்றால் மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையச் சொன்னார்கள். இந்த எச்சரிக்கை கேமராவுக்கும் பொருந்துமா என்பதில் அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்முதீஈ (ரஹ்) அவர்கள், கேமரா இருக்கும் நிழலைப் பிடித்து வைக்கிறதே தவிர எதையும் படைப்பதில்லை என்று அனுமதித்தார்கள். ஷைக் இப்னு பாஸ் (ரஹ்) அவர்கள் அவசியத் தேவைக்கு மட்டும் என்றார்கள். ஆகவே தொழிலில் இறங்கும் முன் நம்பிக்கையான ஓர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கூடும் என்ற கருத்தை ஏற்பவருக்கும் மூன்று பொறுப்புகள் இருக்கின்றன.

ஒன்று, பேச்சில் தெளிவு. நேற்றுவரை இலவசமாக எடுத்தவர் இன்று விலை சொன்னால், "எங்களிடமே காசா?" என்று மனத்தாங்கல் வரும். எத்தனை படங்கள், எவ்வளவு பணம், எந்த நாளில் கிடைக்கும், வர முடியாமல் போனால் முன்பணம் என்னவாகும் என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் நான்கு வரி போதும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது. படம் எடுக்கச் சொல்பவர்களும் கவனியுங்கள்: உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில், உறவைக் காட்டிக் கூலியைக் குறைப்பது அழகல்ல.

இரண்டு, உண்மை. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்தது. ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்காததற்காக வணிகரைக் கண்டித்தார்கள். பெண் பார்ப்பதற்கு முன் அனுப்பும் படத்தில், "கொஞ்சம் சிவப்பாக்கிக் கொடுங்கள்" என்று கேட்கிறார்களே, அதுவும் அந்தக் குவியல்தான். வெளிச்சத்தைச் சரிசெய்வது வேறு, நிறத்தையே மாற்றுவது வேறு. நேரில் பார்த்து அவர்கள் முகம் சுளிக்கும்போது, காயப்படுவது அந்தப் பெண்பிள்ளைதான்.

மூன்று, மறைவைக் காப்பது. இதுவே மூன்றிலும் பெரியது. ஒரு குடும்பம் தன் வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் உங்கள் கேமரா முன் நிறுத்துகிறது என்றால், உங்களை நம்புகிறது. பெண்களை எடுக்கப் பெண்களே இருப்பது பேணுதலுக்கு நெருக்கமானது. நம் சகோதரிகள் இத்தொழிலைக் கற்பது ஒரு சேவையும்கூட.

படம் யாருடையது? 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே அதன் முதல் உரிமையாளர். எனவே விளம்பரத்துக்காக இன்ஸ்டாகிராமில் போடுமுன் கேட்க வேண்டும். கணவரிடம் மட்டும் கேட்டால் போதாது, படத்தில் இருக்கும் மனைவியிடமும் கேளுங்கள். குழந்தைக்குச் சம்மதம் சொல்லத் தெரியாது, ஆகவே கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பழுதுபார்க்கக் கொடுக்கும் லேப்டாப்பில் அவர்கள் படங்கள் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

சோதனை இங்கேதான் வரும். பத்து வாடிக்கையாளர்களைக் கொண்டுவரக்கூடிய அருமையான படம் கையில் இருக்கும். அந்த வீட்டார் "வேண்டாம்" என்பார்கள். படத்தைக் காட்டாமல் தொழில் எப்படி வளரும் என்று மனம் கேட்கும். சம்மதித்தவர்களின் படங்களைக் காட்டுங்கள். "இவரிடம் கொடுத்த படம் வெளியே போகாது" என்று ஒரு தாய் இன்னொரு தாயிடம் சொல்வதைவிடப் பெரிய விளம்பரம் என்ன இருக்கிறது? அப்படியே வருமானம் சற்றுக் குறைந்தாலும், ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ்.

நம் கைகளின் உழைப்பை ஹலாலாக்கி, நம்மை நம்பியவர்களின் மானத்தைக் காப்பவர்களாக வல்ல ரஹ்மான் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.